ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு பைபாஸ்

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கலில் வழியும் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஏரி ஏரியாகத் தண்ணீரை இறக்கிவிடும் இந்த ஏற்பாடு பாசனத்துக்காக வந்தது. பாசன நிலமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் மாடிவீடுகளாகிவிட்டாலும் தரையின் சரிவு மாறவில்லை. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளுக்கு நடுவே வடக்கு தெற்காகச் சென்னை பைபாஸ் போகிறது. பெருங்களத்தூரில் தொடங்கிப் புழல் வரை சுமார் 32 கிலோமீட்டர்.

சாலை போட்டவர்கள் தண்ணீரை அலட்சியம் செய்ய முடியாது. செய்தால் முதல் ஐப்பசி மழையிலேயே சாலையின் மண்கரை அரிக்கும், ஒரு பக்கத்து வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஆகவே வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் எல்லாம் சாலைக்கு அடியில் சிறுபாலம் வைக்க வேண்டும் என்பது பொறியியலின் பாலபாடம். எவ்வளவு பரப்பில் பெய்யும் மழை அங்கே வந்து சேரும், ஒரு நொடிக்கு எத்தனை கன அடி, அதற்கு எத்தனை கண் வேண்டும் என்பதற்கெல்லாம் சூத்திரமும் கையேடும் இருக்கின்றன. அந்தத் தண்ணீரிலும் அதன் ஓரத்திலும் வாழும் உயிர்கள் எந்தக் கையேட்டுக் கணக்கிலும் இல்லை. அவற்றுக்கும் அதே வழி போதுமா, போதாதென்றால் அதில் என்ன மாற்ற வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

விலங்குகளுக்கான கடவுப்பாதை என்றதும் நம் மனத்தில் வருவது வேறு படம். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் இரண்டுக்கும் எல்லையில் இருக்கும் பெஞ்ச் காட்டை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊடுருவிப் போகிறது. சாலையை அகலப்படுத்தும் திட்டம் பல ஆண்டுகள் வழக்குகளில் சிக்கியது. கடைசியில் மகாராஷ்டிரப் பகுதியில் சாலையையே தூண்களில் தூக்கிவைத்து அடியில் காட்டை விட்டார்கள். மொத்தம் 9 அமைப்புகள். அவற்றில் மிக நீளமானது 750 மீட்டர். இந்திய வனவிலங்கு நிறுவனம் 2019இல் அங்கே காமிராக்களை வைத்துப் பார்த்தபோது புலி உட்பட 18 வகைக் காட்டுவிலங்குகள் அடியில் நடந்து போயிருந்தன. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் 6 மேம்பாலங்களும் 38 அடிவழிகளும் இருக்கின்றன. வேலியும் பாலமும் சேர்ந்த பிறகு அங்கே விலங்குகள் மீது வண்டி மோதுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம் மாநிலத்திலேயே வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் சாலைக்கு இறங்காமல் மரத்திலிருந்து மரத்துக்குப் போவதற்குத் தீயணைப்புக் குழாய்த் துணியில் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். கோவை மதுக்கரையில் ரயில் பாதைக்கு அடியில் யானைகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். பண்ணாரி-திம்பம் மலைச்சாலையில் 2022 முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கட்டடமே இல்லாத கடவுப்பாதை என்று அதைச் சொல்லலாம்: இடத்துக்குப் பதில் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது.

இவை எல்லாமே காடுகள். சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம் என்று ஏதாவது ஒரு பெயர்ப்பலகை உள்ள இடங்கள். சாலை அந்த எல்லைக்குள் வந்தால் தேசிய வனவிலங்கு வாரியம் வரை கோப்பு போகும், நிபந்தனை வரும். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அப்படிப் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. அதனால் இங்கே சாலையைக் கடக்கும் உயிர்களைப் பற்றி எந்தக் கோப்பிலும் ஒரு வரி வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆனால் உயிர்கள் இருக்கின்றன. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், சீமைக்கருவேலப் புதர், ஆவடியில் பாதுகாப்புத் துறை வளாகங்களின் மதிலுக்குள் தப்பிய மரக்கூட்டம் என்று துண்டு துண்டாக. தவளை, தேரை, தண்ணீர்ப்பாம்பு, சாரை, கீரிப்பிள்ளை, உடும்பு, பாலாமை. கடைசி இரண்டையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பும் பாலாமையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான். ஒரு புலி நெடுஞ்சாலையில் அடிபட்டால் மறுநாள் நாளிதழில் வரும், விசாரணை நடக்கும். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு பாலாமை அடிபட்டால் அடுத்த பத்து வண்டிகளுக்குள் அது தார் மேல் ஒரு கறையாகிவிடும். சட்டம் இரண்டையும் சமமாக எழுதிவைத்திருக்கிறது. சாலைத் திட்டம் அப்படி எழுதவில்லை.

பாலாமை ஏன் சாலைக்கு வருகிறது? கோடையில் குட்டை வற்றினால் அது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழை வந்ததும் எழுந்து வேறு நீர்நிலை தேடி நடக்கும். முட்டையிடத் தண்ணீரை விட்டு மேட்டுக்கு ஏறும். தவளைகளும் அப்படியே. ஆண்டின் பெரும்பகுதியை எங்கோ ஈரமண்ணில் கழித்துவிட்டு, முதல் கனமழை இரவில் ஒரே நேரத்தில் இனப்பெருக்கத்துக்காகத் தேங்கிய நீரை நோக்கிக் கிளம்பும். வடகிழக்குப் பருவமழையின் சில இரவுகளில் நடக்கும் இந்தக் கூட்டப் பயணம்தான் அந்த ஆண்டின் சந்ததி முழுவதையும் தீர்மானிக்கிறது. அதே இரவுகளில்தான் வைப்பர் ஓடும் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநருக்கும் எதுவும் தெரிவதில்லை.

சாலையில் செத்தவற்றை எண்ணுவது ஓர் அறிவியலாகத் தொடங்கி நூறு ஆண்டாகிறது. 1924 ஜூனில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேட்டன் ஸ்டோனர் என்ற விலங்கியலாளர் காரில் 632 மைல் போய்வந்தார். வழியில் செத்துக் கிடந்தவற்றை எண்ணினார்: 29 வகையில் 225 உயிர்கள். மறு ஆண்டு 'சயின்ஸ்' இதழில் அது கட்டுரையாக வந்தது. இங்கே முதுமலையில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், நெடுஞ்சாலையில் அடிபட்டவற்றில் பாதிக்கு மேல் தவளை இனங்கள்தாம். யானையும் புலியும் உலவும் காட்டிலேயே கணக்கு இப்படி என்றால், ஏரிகள் நிறைந்த புறநகரில் எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஊகத்தைவிட உறுதியான ஓர் எண் டென்மார்க்கிலிருந்து வருகிறது. 2001இல் வெளியான அந்த ஆய்வின்படி, நாளுக்கு சுமார் 3,200 வண்டிகள் போகும் சாலையைக் கடக்கும் தவளை முதலான இருவாழ்விகள் சாகும் வாய்ப்பு, இனத்தைப் பொறுத்து, 34 முதல் 61 சதவீதம். அதுவே பெரிய மோட்டார் நெடுஞ்சாலை என்றால் 89 முதல் 98 சதவீதம். 3,200 வண்டி என்பது நம் பக்கத்தில் ஓர் உள்ளூர்ச் சாலையின் கணக்கு. பைபாஸிலும், சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையிலும், பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் போகும் சாலையிலும் கடக்கும் தவளையின் நிலையை இரண்டாவது எண்ணில்தான் தேட வேண்டும்.

இதிலிருந்து ஒரு விபரீதம் பிறக்கிறது. சில ஆண்டுகள் இப்படியே போனால் சாலையோரம் செத்துக் கிடப்பவற்றின் எண்ணிக்கை குறையும். சாவதற்கு ஆள் மிச்சமில்லை என்பதுதான் காரணம். கனடாவின் ஒட்டாவா அருகே லெனோர் ஃபாரிக்கும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: போக்குவரத்து கூடக்கூட, சாலையோரக் குட்டைகளில் கேட்கும் தவளைச் சத்தமே குறைந்துவிடுகிறது. ஆகவே "இங்கே எதுவும் அடிபடுவதாகப் புகார் இல்லை" என்று ஓர் அதிகாரி சொன்னால் அது இரண்டு விதமாகவும் இருக்கலாம். ஆய்வு இல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

எல்லா உயிரும் ஒரே மாதிரி சாவதில்லை என்பதும் திட்டமிடுகிறவருக்கு முக்கியம். தவளைக்கு வண்டி வருவதே பொருட்டில்லை. அது பாட்டுக்குத் தாவும், வெளிச்சம் பட்டால் உறைந்து உட்காரும். ஆமை அதிர்வை உணர்ந்ததும் நடுச்சாலையில் நின்று ஓட்டுக்குள் ஒடுங்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பலித்த உத்தி லாரி டயரிடம் பலிக்காது. கீரி பாய்ந்து ஓடும். வண்டி குறைவாக இருந்தால் தப்பும், ஓயாமல் வந்தால் தப்பாது. இன்னும் சில விலங்குகள் இரைச்சலையும் வெளிச்சத்தையும் கண்டு சாலைப் பக்கமே வராது. அவை அடிபடுவதில்லை, ஆனால் ஒரு பக்கத்திலேயே சிறைப்பட்டு, உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து நலிகின்றன. 'விலங்குகள் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்ற மஞ்சள் பலகையால் இந்த நான்கு கூட்டத்தில் எதற்கும் பெரிய பயன் இல்லை. அந்தப் பலகை, வைத்த அலுவலகத்தின் மனச்சாட்சிக்கானது என்பது என் அபிப்பிராயம்.

சதுப்பும் சாலையும் சந்திக்கும் இடத்துக்கு உருப்படியான முன்மாதிரி ஃப்ளாரிடாவில் இருக்கிறது. பெய்ன்ஸ் பிரெய்ரி என்ற பெரிய சதுப்பு நிலத்தை 441ஆம் எண் நெடுஞ்சாலை கடக்கிறது. சுமார் 3 கிலோமீட்டர் நீளத்தில் ஓராண்டு எண்ணியதில் 2,411 உயிர்கள் அடிபட்டிருந்தன. சாலையின் இரு பக்கமும் 1.1 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். சுவரின் மேல்விளிம்பைச் சதுப்பின் பக்கம் சுமார் 15 செண்டிமீட்டர் நீட்டிவிட்டார்கள். ஏறும் பாம்பு அந்த மடிப்பில் தோற்றுத் திரும்பும். திரும்பியது சுவரோரமாகவே ஊர்ந்து போனால் ஒரு சிறுபாலம் எதிர்ப்படும். அப்படி 8 சிறுபாலங்கள். பாதி ஏற்கெனவே இருந்தவை, பாதி புதியவை. வேலை முடிந்தபின் ஓராண்டில், மரத்தவளைகளைக் கழித்துப் பார்த்தால், 158 உயிர்கள்தாம் அடிபட்டன. மரத்தவளைகளைக் கழித்ததற்குக் காரணம், விரல்நுனி வட்டுகளால் ஒட்டி ஏறும் அவற்றுக்கு அந்தச் சுவர் ஒரு தடையே இல்லை என்பதுதான்.

பெஞ்ச் பாணியில் 750 மீட்டர் தூண்பாலம் அம்பத்தூரில் யாரும் கட்டப் போவதில்லை, கட்டவும் தேவையில்லை. வழிகாட்டும் ஒரு சுவரும் ஒழுங்கான சிறுபாலமும் போதும். ஒழுங்கான என்ற சொல்லில்தான் வேலை இருக்கிறது.

முதல் சிக்கல் இருட்டு. சிறுபாலம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அதன் நீளத்தோடு ஒப்பிட வாய் எவ்வளவு அகலம் என்பதே முக்கியம். வாயின் பரப்பை நீளத்தால் வகுத்தால் ஒரு திறப்பு அளவு கிடைக்கும். அகன்ற சாலைக்கு அடியில் 45 மீட்டர் நீளத்துக்கு 1.2 மீட்டர் விட்டமுள்ள குழாய் போட்டால் அது 0.025. மறுமுனை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். அதே நீளத்துக்கு 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட பெட்டிச் சிறுபாலம் என்றால் 0.13, ஐந்து மடங்கு. பல விலங்குகள் மறுமுனை தெரியாத துளைக்குள் நுழையாது. தவளைக்கோ இருட்டைவிட வறட்சியும் வெப்பநிலையும்தான் தடை. ஐரோப்பாவில் தேரைகளுக்கென்று போடும் சுரங்கங்களில் மேலே துளைகள் விட்டு மழையும் வெளிச்சமும் விழ வைக்கிறார்கள். நடுத்திட்டு உள்ள சாலைகளில் நமக்கும் அது எளிது: நடுத்திட்டின் இடத்தில் சிறுபாலத்தின் கூரையைத் திறந்து கம்பிவலை போட்டால் இருட்டு இரண்டாக உடையும்.

இரண்டாவது சிக்கல் தண்ணீர். விலங்குகள் மிக அதிகமாக நகரும் மழை நாட்களில்தான் சிறுபாலமும் நிரம்பி ஓடும். ஆமைக்கும் தண்ணீர்ப்பாம்புக்கும் கவலையில்லை. கீரியும் தேரையும் ஓடும் வெள்ளத்தில் இறங்காமல் கரையேறிச் சாலைக்கு வரும். இதற்கான மருந்து மலிவானது. பெட்டியின் ஒரு சுவரை ஒட்டி, சாதாரண மழைநாள் நீர்மட்டத்துக்கு மேல், அரை மீட்டர் அகலத்தில் ஒரு திண்ணை. அதன் இரு முனைகளும் வெளியே கரை மண்ணோடு சேர வேண்டும். அந்தரத்தில் முடிந்தால் அது திண்ணையல்ல, அலங்காரம். அமெரிக்காவின் மொன்டானாவில் பழைய சிறுபாலங்களுக்குள் இரும்புத் தட்டு பொருத்தியே எலி, வயல்சுண்டெலி வகைகளை நடக்கவைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது: குப்பை. பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை, கழிவுநீர், கட்டட இடிபாடு எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிடுகின்றன. தூர்வாராத சிறுபாலம் தண்ணீரையும் விடாது, தவளையையும் விடாது. இங்கே வெள்ளத்தடுப்பும் உயிர்ப்பாதுகாப்பும் ஒரே வேலை என்பது வெறும் அழகான வாதமல்ல, பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கான பதில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு நீர்வழிகளை அகலப்படுத்த நிதி கேட்பது எளிதாகிவிட்டது. தவளைக்காகத் தனியே கேட்டால் கோப்பு மூடப்படும். வெள்ளத்துக்காக ஒரு குழாயை எடுத்துவிட்டுப் பெட்டி வைக்கும்போது அதில் ஒரு திண்ணையைச் சேர்ப்பது எஸ்டிமேட்டில் ஒரு சின்ன வரி.

சாலையைவிட மோசமான தடைகளும் உண்டு. மூடியில்லாத மழைநீர் வடிகாலின் செங்குத்துச் சுவர் ஒரு பொறி. விழுந்த ஆமையும் தவளையும் ஏற முடியாது. சிறிது தூரத்துக்கு ஒன்றாகச் சரிவான சொரசொரப்பான மேடை விட்டால் போதும். சாலை நடுவில் இடைவெளியில்லாமல் ஓடும் கான்கிரீட் தடுப்பு, பாதி தூரம் உயிரோடு வந்ததையும் திருப்பி அனுப்பிக் கொல்கிறது. அடியில் கையளவு துளைகள் விட்டு வார்க்க முடியும். தரையோடு ஒட்டிய மதில்களைப் பற்றியும் இதையே சொல்லலாம்.

எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிப்பதற்கு மேசையில் உட்கார்ந்தால் ஆகாது. வரைபடத்தில் ஏரிகளையும் வாய்க்கால்களையும் குறித்து, சாலை வெட்டும் புள்ளிகளைப் பட்டியலிடுவது முதல் நாள் வேலை. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த இரவுக்கு மறுநாள் விடியும் முன் நடக்க வேண்டும். விடிந்தால் காகமும் நாயும் தடயத்தைத் தின்றுவிடும், மிச்சத்தை டயர்கள் அழித்துவிடும். ஏழு மணிக்கு ஜீப்பில் போய் எடுக்கும் கணக்கு பாதிப் பொய். ஏற்கெனவே உள்ள சிறுபாலங்களுக்குள் தூள்மண் பரப்பிக் காலடித் தடம் பார்க்கலாம், காமிரா வைக்கலாம். அடிபடும் இடமும் கடக்கும் இடமும் ஒன்றல்ல என்பது அப்போது தெரியவரும். கட்டி முடித்த முதல் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்வதும் தவறு. பான்ஃபில் மான்கள் சீக்கிரம் பழகின. கிரிஸ்லி கரடிகள் பாலத்தை நம்புவதற்குப் பல ஆண்டுகள் எடுத்தன.

எதிர்வாதங்களும் இருக்கின்றன, அவை லேசானவை அல்ல. புறநகரில் உலர்ந்த, அகலமான சிறுபாலம் என்றால் முதலில் குடியேறுவது தெருநாய்கள். அடுத்து மனிதர்கள், மதுபாட்டில் உடையாத சிறுபாலம் அபூர்வம். நாய் படுத்திருக்கும் வழியில் கீரி வராது. ஆளுயரப் பெட்டியைவிட, அதன் பக்கத்திலேயே ஆள் நுழைய முடியாத சிறிய உலர்குழாய் ஒன்றைப் போடுவது சில இடங்களில் புத்திசாலித்தனம். இன்னொன்று: வழி திறந்தால் வேண்டியது மட்டும் வராது. ஓர் ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி இருந்தால் அடுத்த ஏரிக்கும் அது போகும். ஆனால் இப்போதுள்ள வாய்க்கால் வழியாகவே அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பழியைத் திண்ணை மேல் போட முடியாது.

மேற்குப் புறநகரில் வாய்ப்பு எங்கே மிச்சமிருக்கிறது? வண்டலூரிலிருந்து பூந்தமல்லி, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலை சுமார் 62 கிலோமீட்டர், ஆறு வழி. அதற்காக 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தார்கள். அதில் 22 மீட்டர் எதிர்கால ரயில் பாதைக்கு. ரயிலுக்கு இடம் விட்ட தொலைநோக்கு, நீர்வழிகளின் ஓரம் கொஞ்சம் புதரை விட்டுவைப்பதற்கும் எட்டியிருக்கலாம். இன்றும் காலியாகக் கிடக்கும் பட்டையில் அதைச் செய்ய முடியும். பைபாஸில் இனி நடப்பதெல்லாம் ஒட்டுவேலைதான்: இருக்கும் சிறுபாலத்துக்குள் தட்டு பொருத்துவது, வாயிலிருந்து இருபுறமும் வழிகாட்டும் தாழ்சுவர் எழுப்புவது. அதற்கும் ஒரு சிறுபாலத்தின் வாயில் நான்கு அலுவலகங்கள் சந்திக்க வேண்டும். மேலே ஓடும் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது, அடியில் ஓடும் வாய்க்கால் நீர்வளத் துறையுடையது, பக்கத்திலிருந்து வந்து சேரும் வடிகால் மாநகராட்சியுடையது, உள்ளே நடக்கும் உடும்பு வனத் துறையின் பொறுப்பு.

புதிதாக எழுதத் தாள் இருப்பது எல்லை வட்டச் சாலையில்தான். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாக மாமல்லபுரம் வரை சுமார் 133 கிலோமீட்டர். ஐந்து பகுதிகளாகப் பிரித்து வேலை நடக்கிறது. வழியெங்கும் ஏரிகள், வரத்துக் கால்வாய்கள். இன்னும் கான்கிரீட் ஊற்றாத பெட்டிச் சிறுபாலத்தில் திண்ணை என்பது சென்ட்ரிங் அடிக்கும்போது கூடுதலாகச் சில பலகைகளும் கொஞ்சம் கம்பியும். ஊற்றி முடித்துச் சாலை திறந்த பிறகு அதே திண்ணைக்கு நீரை மறிக்க வேண்டும், சுவரைத் துளைக்க வேண்டும், நான்கு அலுவலகங்களின் கையெழுத்து வேண்டும்.